தையல் இல்லாத ஆபரேஷன் என்றால் போதுமா? கண்புரையும் சிலிண்டர் பவரும்

கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வருகிற குடும்பத்தார் முதலில் கேட்பது, "தையல் இல்லாத ஆபரேஷன்தானே?" என்றுதான். ஆமாம் என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி. அடுத்து லென்ஸ் விலையைக் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. "வெட்டு எந்தப் பக்கம் போடுவாங்க, எவ்வளவு நீளம்?" இதைக் கேட்டவர்களை இருபது வருஷத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் முடிந்து நாலாவது வாரம், ஆறாவது வாரம் வருகிறவர்களுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. காயம் எப்படி மூடியிருக்கிறது என்பது என் நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். புரை எடுத்தாயிற்று, லென்ஸ் வைத்தாயிற்று, உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் பார்வை மங்கல் என்று வருகிறவர்களில் பலருக்குக் காரணம் சிலிண்டர் பவர்தான், அதாவது கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இல்லாததால் வரும் பவர்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. நாற்பது வருஷமாகத் தையல் கடை. வலது கண்ணில் வேறோர் இடத்தில் ஆபரேஷன் முடிந்து பத்து வாரம் ஆகியிருந்தது. பவர் பார்க்கும் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி எழுத்துப் பலகையைக் காட்டினேன். மூன்றாவது வரிக்குக் கீழே இறங்கவில்லை. "எழுத்துக்கு மேலயும் கீழயும் ஒரு நிழல் நிக்குது தம்பி. குத்துக்கோடு தெரியுது, படுக்கைக்கோடு கரைஞ்சு போவுது" என்றார். கெரட்டோமீட்டரில் கருவிழியின் (கார்னியாவின்) வளைவை அளந்தேன். கிடைவாக்கில் 43.00, மேல்கீழாக 47.00. நாலு டயாப்டர் வித்தியாசம் (ஒளியைக் குவிக்கும் திறனை அளக்கும் அலகு டயாப்டர்). டாக்டர் விளக்கு மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது பக்கத்திலிருந்து நானும் பார்த்தேன். கருவிழியின் மேல் ஓரத்தில் வரிசையாக ஐந்து கருப்புத் தையல்கள். நடுவில் இருந்த மூன்றும் இறுகி, அந்த இடத்தில் திசு சுருக்கம் விழுந்து நின்றது.

தையல் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவரே கேட்டார். "நூலை இறுக்கிட்டாங்களோ? ஒரு பக்கம் இறுக்கினா துணி அந்தப் பக்கமா தூக்கும்ல."

அப்படியேதான். புத்தகத்தில் நாலு பக்கம் படம் போட்டு விளக்குவதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நூல் இறுகினால் ஒன்று, தளர்ந்தால் ஒன்று

கண்ணின் மொத்தக் குவிப்புத் திறன் சுமார் 60 டயாப்டர். அதில் ஏறக்குறைய 43 கருவிழியிலிருந்தே வருகிறது. கருவிழி பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருந்தால் சிலிண்டர் கிடையாது. ஒரு திசையில் வளைவு கூடி, அதற்குக் குறுக்கே குறைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது. அந்த வித்தியாசத்தைத்தான் கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்றும், அதன் திசையை ஆக்சிஸ் என்றும் எழுதுகிறோம்.

மேல் ஓரத்தில் வெட்டித் தையலை இறுக்கிக் கட்டினால், மேலிருந்து கீழே போகும் வில்லின் நீளம் துளி குறைகிறது. தையலுக்கு அடியில் தட்டையாகும். நாம் பார்க்கப் பயன்படுத்தும் நடுப்பகுதியிலோ வளைவு ஏறிவிடும். பெரியவர் கண்ணில் 47 வந்தது இப்படித்தான். மாறாக, நீள வெட்டைத் தையல் இல்லாமலோ தளர்வாகவோ விட்டால் வெட்டின் விளிம்பு கொஞ்சம் தொய்ந்து வாய் விடும். வில் நீளும், வளைவு குறையும். பக்கவாட்டு வளைவு ஒப்பீட்டில் தூக்கி நிற்கும்.

கையில் பழைய கண்ணாடிச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலிண்டர் மைனஸில் எழுதியிருந்து, ஆக்சிஸ் 180-ஐ ஒட்டி இருந்தால் மேல்கீழ் வளைவு கூடுதல். 90-ஐ ஒட்டி இருந்தால் பக்கவாட்டு வளைவு கூடுதல். இந்த ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டாலே கீழே வரும் கணக்கு எல்லாம் புரியும்.

கண்ணுக்கு வழக்கமாகப் போடுவது 10-0 நைலான் நூல். தடிமன் 20 முதல் 30 மைக்ரான். தலைமுடியில் பாதிகூட இருக்காது. இவ்வளவு மெல்லிய நூலை ஐந்து இடத்தில், ஐந்திலும் ஒரே இறுக்கத்தில், ஆபரேஷனால் அழுத்தம் குறைந்து மெத்தென்று இருக்கும் ஒரு கண்ணில் கட்ட வேண்டும். கைதேர்ந்தவருக்கும் இது சிரமம். அதனால் யார் மேலும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தையல் முறையிலேயே இந்தத் தடுமாற்றம் இருக்கிறது.

இறுக்கம் அப்படியே நிலைத்தும் நிற்காது. நைலான் கண்ணுக்குள் மெல்ல மெல்லச் சிதையும். ஒன்றிரண்டு வருஷத்தில் அறுந்துபோவது சாதாரணம். ஒன்று அறும்போது சிலிண்டர் மாறும், அடுத்தது அறும்போது மறுபடி மாறும். பல கண்களில் மேல்கீழ் வளைவு குறைந்துகொண்டே வந்து, சமநிலையையும் தாண்டி, பக்கவாட்டு வளைவு கூடுதலாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போன வருஷம் 180-இல் எழுதிய ஆக்சிஸை இந்த வருஷம் 90-இல் எழுத வேண்டிவரும். "முந்தி போட்ட கண்ணாடி ஏன் சேரல?" என்று கேட்கும்போது, கண்ணே மாறிவிட்டது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

நீள வெட்டும் சுரங்க வெட்டும்

ஒரு காலத்தில் கண்புரை ஆபரேஷன் என்றாலே 10 முதல் 12 மில்லிமீட்டர் வெட்டு. புரை முழுசாக வெளியே வர அவ்வளவு வாசல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் தையலே கிடையாது. தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஆளை நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். அப்புறம் பட்டு நூல் வந்தது, நைலான் வந்தது. ஒளிக்குவிப்பை யாரும் அப்போது யோசிக்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாம் இன்றைக்கும் பயன்படுத்தும் எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கிய ஹெர்மன் ஸ்னெல்லன், வளைவு கூடுதலாக உள்ள திசையிலேயே வெட்டைப் போட்டால் சிலிண்டர் குறையும் என்று 1869-இலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து வெட்டின் நீளத்துக்கு அந்த யோசனையைத் துல்லியமாகச் செய்துகாட்ட வழியில்லை.

வெட்டு உண்டாக்கும் சிலிண்டர், வெட்டு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும் என்பது 1990-களின் தொடக்கத்தில் பேசப்பட்ட கணக்கு. அதாவது 3 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் தொல்லை இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். கருவிழி ஓரத்திலிருந்து வெட்டு பின்னால் தள்ளிப் போகப் போகத் தொல்லை குறையும் என்பது அதன் மறுபாதி. இன்று இருக்கும் எல்லா முறைகளும் இந்த இரண்டு உண்மைகளை வைத்துத்தான் வந்தன. ஒரு முறை நீளத்தைக் குறைத்தது. இன்னொரு முறை வெட்டைப் பின்னால் தள்ளியது.

பின்னால் தள்ளிய முறைதான் நம் ஊர் முகாம்களில் நடக்கும் எஸ்ஐசிஎஸ் (ஸ்மால் இன்சிஷன் கேட்டராக்ட் சர்ஜரி, சிறு வெட்டுக் கண்புரை ஆபரேஷன்). வெள்ளை விழியில், கருவிழி ஓரத்திலிருந்து ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளத்தில் மேலோட்டமாகக் கீறுவார்கள். அங்கிருந்து திசு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சுரங்கம் தோண்டிக் கருவிழிக்குள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போய்த்தான் உள்ளே திறப்பார்கள். வெளிவாசல் சின்னது, உள்வாசல் பெரியது. புரை வெளியே வந்ததும் கண்ணின் உள் அழுத்தமே சுரங்கத்தின் கீழ் உதட்டை மேல் உதட்டோடு சேர்த்து அழுத்தி மூடிவிடும். தையல் தேவைப்படாது என்பதன் அர்த்தம் இதுதான். கீறலின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. கருவிழி ஓரத்தோடு ஒட்டி வளைந்தால் அதன் இரண்டு முனைகளும் ஓரத்துக்குப் பக்கத்தில் வந்து, விளிம்பு தொய்யும். அதற்கு எதிர்ப்பக்கமாக, உதட்டைப் பிதுக்கிய வாய் மாதிரி வளைத்தால் முனைகள் விலகிப் போய், தொய்வு குறையும். ஜாக் சிங்கர் 1991-இல் சொன்ன இந்த வளைவு இன்றும் எஸ்ஐசிஎஸ் செய்யும் டாக்டர்கள் பலருக்குக் கைப்பழக்கம்.

பழைய நீள வெட்டு, தையல் முறையையும் எஸ்ஐசிஎஸ்ஸையும் ஒப்பிட்டுப் புனேயில் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. ஆறாவது வாரம் கண்ணாடி போடாமலே 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நன்றாகப் பார்த்தவர்கள் தையல் முறையில் 37.3 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ஸில் 47.9 சதவீதம். கண்ணாடி வாங்கவும் மாற்றவும் டவுனுக்கு வர முடியாத ஆளுக்கு இந்தப் பத்து சதவீதம் பெரிய விஷயம். ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் தேர்வு என்றால் எனக்குத் தயக்கமே இல்லை. திட்டமிட்டே நீள வெட்டும் தையலும் போட வேண்டிய கண்கள் இன்று மிகக் குறைவு.

ஃபேக்கோவின் சின்ன வெட்டு

நீளத்தைக் குறைத்த முறை ஃபேக்கோ. அமெரிக்கக் கண் டாக்டர் சார்லஸ் கெல்மன் 1967-இல் அல்ட்ராசவுண்டால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சும் வழியைக் கொண்டுவந்தார். 3 மில்லிமீட்டர் வாசல் போதும் என்றானது. ஆனால் உள்ளே வைக்கும் லென்ஸ் மடியாததாக இருந்தவரை, கடைசியில் அந்த வாசலை 6 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தியே ஆக வேண்டும். 1980-களில் மடிக்கும் லென்ஸ் வந்த பிறகுதான் சின்ன வெட்டு சின்னதாகவே நின்றது. 1990-களின் தொடக்கத்தில் ஹோவர்ட் ஃபைன், வெட்டைக் கருவிழியிலேயே, காதுப் பக்கமாக, தையல் இல்லாமல் போடும் முறையைப் பரப்பினார். இப்போது 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர். காதுப் பக்கம் போட்டால் இது உண்டாக்கும் சிலிண்டர் பெரும்பாலும் அரை டயாப்டருக்குள்.

காதுப் பக்கம் ஏன்? கருவிழி வட்டமாகத் தெரிந்தாலும் அகலம் உயரத்தைவிடச் சற்று அதிகம். காதுப் பக்கத்து ஓரம் பார்வையின் நடுவிலிருந்து தூரம், மேல் ஓரம் கிட்டம். போதாததற்கு மேல் இமை ஒவ்வொரு தடவை சிமிட்டும்போதும் மேல் வெட்டை அழுத்திவிட்டுப் போகும். அதே அளவு நீளமுள்ள வெட்டை மேலே போட்டால் காதுப் பக்கத்தைவிட அதிகச் சிலிண்டர் வருவதற்கு இவை காரணம்.

சரி, அப்படியானால் எல்லாருக்கும் ஃபேக்கோதானே நல்லது? காசு இருந்தால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். புனேயிலேயே நடந்து 2005-இல் வந்த இன்னோர் ஒப்பீட்டில், ஆறாவது வாரம் கண்ணாடி இல்லாமல் 6/18 எட்டியவர்கள் ஃபேக்கோவில் 81 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ஸில் 71 சதவீதம். இந்த எண்களை 2003 ஆய்வின் எண்களோடு குறுக்கே வைத்துப் பார்க்கக் கூடாது, ஆட்கள் வேறு. நான் திரும்பத் திரும்பப் படித்தது அதிலிருந்த சிலிண்டர் கணக்கைத்தான். சராசரி ஃபேக்கோவில் 1.1, எஸ்ஐசிஎஸ்ஸில் 1.2. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதிகம் பேருக்கு வந்த அளவு என்று பார்த்தால் ஃபேக்கோவில் 0.5, எஸ்ஐசிஎஸ்ஸில் 1.5. சராசரியை மட்டும் சொல்லி "ரெண்டும் ஒண்ணுதான்" என்பவரும் உண்மையை முழுசாகச் சொல்லவில்லை. எஸ்ஐசிஎஸ் என்றாலே சிலிண்டர் என்பவரும் சொல்லவில்லை.

ஏனென்றால் எஸ்ஐசிஎஸ் வெட்டையும் இடம் மாற்றிப் போடலாம். இந்தியக் கண் மருத்துவ இதழில் 2005-இல் வந்த ஓர் ஆய்வில், மேலே போட்ட எஸ்ஐசிஎஸ் வெட்டு உண்டாக்கிய சிலிண்டர் 1.28 டயாப்டர். காதுப் பக்கம் போட்டது 0.37. இரண்டுக்கும் நடுவே, மேல்-காதுப் பக்கம் போட்டது 0.20. அதே முறைதான், அதே நீளச் சுரங்கம்தான். டாக்டர் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்ததில் ஒரு டயாப்டர் மிச்சம்.

பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் செய்வதில்லை என்றால், அதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. தலைமாட்டில் உட்கார்ந்து செய்தால் வலது கண், இடது கண் இரண்டுக்கும் ஒரே ஏற்பாடு போதும். நாளைக்கு நாற்பது ஐம்பது ஆபரேஷன் ஓடும் இடத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் மைக்ரோஸ்கோப்பை நகர்த்துவது சின்ன வேலை இல்லை. மேலே போட்ட காயத்தை இமை மூடிக் காக்கும். காதுப் பக்கக் காயம் வெளியே தெரிய நிற்கும். ஆழ்ந்த கண்ணும் முட்டிய புருவமும் உள்ளவர்களுக்கு மட்டும் காதுப் பக்கமே கைக்கும் வசதி.

உங்கள் கண்ணின் எண்ணைப் பாருங்கள்

லென்ஸ் அளவு எடுக்கும் பரிசோதனையின்போது கருவிழி வளைவை இரண்டு திசையில் அளந்து எழுதியிருப்பார்கள். கே ரீடிங் என்பார்கள். தேர்வு இங்கிருந்து தொடங்க வேண்டும். வெட்டு எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசையின் வளைவைக் குறைக்கும். இது தையல் போடாமல் மூடிய வெட்டுக்குச் சொல்வது.

இளவயதில் நமக்குப் பெரும்பாலும் மேல்கீழ் வளைவு கூடுதல். வயது ஏற ஏற அது குறைந்து பக்கவாட்டு வளைவு கூடும். கண்புரைக்கு வருகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே அதிகம் என்பதால், பலருக்கு ஏற்கெனவே பக்கவாட்டு வளைவுதான் தூக்கலாக இருக்கும். அந்தக் கண்ணில் மேலே 6 மில்லிமீட்டர் வெட்டைப் போட்டால், குறைவாக இருப்பதையே இன்னும் குறைக்கிறோம். இருந்த சிலிண்டரோடு புதுசும் சேர்ந்துகொள்ளும்.

தையல்கடைப் பெரியவரின் இடது கண்ணையே எடுத்துக்கொள்வோம். பழுத்துக் கெட்டியான பழுப்புப் புரை. கிடைவாக்கில் 44.25, மேல்கீழாக 43.25. ஒரு டயாப்டர், பக்கவாட்டில். சொன்ன எண்களை வைத்து மேலே எஸ்ஐசிஎஸ் செய்தால் 1 கூட்டல் 1.28, ஏறக்குறைய 2.25 டயாப்டர் மிஞ்சும். காதுப் பக்கம் எஸ்ஐசிஎஸ் என்றால் 1-இல் 0.37 போய், 0.6. காதுப் பக்கம் ஃபேக்கோ என்றால் கழிவது 0.3 போல, மிஞ்சுவது 0.7. சிலிண்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் கடைசி இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. அவருடைய புரை கெட்டி. அதை உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி வேண்டும், கருவிழியின் உள்பக்கச் செல்களுக்கு அது நல்லதில்லை. அப்படிப் பார்த்தால் காசு குறைந்த எஸ்ஐசிஎஸ்தான் அவருக்குப் பொருத்தம். பக்கம் மட்டும் மாற வேண்டும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். ஐம்பத்தைந்து வயது, மேல்கீழாக 1.25 டயாப்டர் கூடுதல் என்றால் மேலே போடும் எஸ்ஐசிஎஸ் வெட்டே ஒரு வைத்தியம். அவருக்குக் காதுப் பக்கம் போட்டால் சிலிண்டர் துளி கூடும். மேல்கீழாக அரை டயாப்டர் மிஞ்சினால் அதைத் துடைத்தெடுக்க அவசரப்பட வேண்டாம் என்பதும் என் கருத்து. வயதாக ஆக அது தானே கரையும்.

எண்களெல்லாம் சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஒரு கண்ணில் 0.2 வருவதும் இன்னொன்றில் 0.9 வருவதும் நடக்கும். நிறைய ஆபரேஷன் செய்து, தன் நோயாளிகளின் ஆறு வார அளவுகளைக் கணக்கு வைத்திருக்கும் டாக்டருக்குத் தன் கை எவ்வளவு சிலிண்டர் உண்டாக்கும் என்று தெரிந்திருக்கும். "உங்க வெட்டுக்குச் சராசரியா எவ்வளவு சிலிண்டர் வருது டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதைக் குறைவான கேள்வி இல்லை அது.

கருவிழியில் முன்பே ஒன்றரை, இரண்டு டயாப்டருக்கு மேல் இருந்தால் வெட்டின் இடத்தை மாற்றுவது மட்டும் போதாது. அங்கே டோரிக் லென்ஸ் வருகிறது. லென்ஸுக்குள்ளேயே சிலிண்டர் இருக்கும். ஆனால் அது ஒரு டிகிரி திரும்பினால் அதன் பலனில் 3.3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி திரும்பினால் முழுப் பலனும் போய்விடும். அதனால் டோரிக் வைக்கும் கண்ணில் வெட்டு சின்னதாகவும், அதன் விளைவு முன்கூட்டித் தெரிவதாகவும் இருக்க வேண்டும். டோரிக்குக்குப் பணம் கட்டுகிறவர்கள் சின்ன வெட்டு ஃபேக்கோவுக்கே போவது சரி.

ஒரு தையல் போட்டார்கள் என்றால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். "தையல் இல்லாதது என்று சொல்லிவிட்டுத் தையல் போட்டுவிட்டார்களே" என்று சண்டைக்கு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபேக்கோ முடிந்ததும் வெட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய குழாயால் உப்புநீரைச் செலுத்துவார்கள். திசு ஊறி வெள்ளையாக உப்பி, வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு பஞ்சு நுனியால் ஒற்றிப் பார்ப்பார்கள். அப்போதும் கசிந்தால் ஒரு தையல் போட்டே ஆக வேண்டும். கசியும் காயத்தின் வழியே இமையோரத்துக் கிருமி உள்ளே போனால் பார்வையே போய்விடலாம். ஐரோப்பாவில் நடந்து 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், கருவிழி வெட்டுகளில் உள்தொற்று வரும் வாய்ப்பு வெள்ளை விழிச் சுரங்கத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அதே ஆய்வு, ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்தினால் தொற்று வெகுவாகக் குறையும் என்றும் காட்டியது. இன்று பல இடங்களில் அது வழக்கமாகிவிட்டது. இருந்தாலும் வெட்டு நீர் கசியாமல் மூட வேண்டும் என்பதற்கு மாற்று இல்லை. 2.8 மில்லிமீட்டர் வெட்டில் போட்ட ஒற்றைத் தையல் சில வாரம் சிலிண்டர் காட்டும். எடுத்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். தொற்று வந்த கண்ணை அப்படித் திருப்பி எடுக்க முடியாது.

குழந்தைகளுக்கு வெட்டு எவ்வளவு சின்னதானாலும் தையல் போடுவார்கள். அவர்கள் கண் சுவர் ரப்பர் மாதிரி நெகிழும், வாய் தானாக மூடாது. போதாக்குறைக்குக் கையை வைத்துத் தேய்ப்பார்கள். தானே கரையும் நூல் என்பதால் பிரிக்கும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை.

ஏற்கெனவே பல தையல் போட்ட கண்ணில் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். பிரிப்பதா, காத்திருப்பதா? ஆறு வாரத்துக்குள் சிலிண்டருக்காகக் கை வைப்பது ஆபத்து. காயம் பிடித்திருக்காது, பிரித்தால் வாய் விட்டு, எதிர்த்திசைச் சிலிண்டர் வந்துவிடும். இறுக்கத்தைப் பின்னால் தளர்த்தலாம், விட்டுப்போன காயத்தை எளிதாகச் சேர்க்க முடியாது. எட்டு, பத்து வாரம் கழித்தும் இரண்டரை மூன்று டயாப்டருக்கு மேல் இருந்து, தையல் இருக்கும் திசையும் சிலிண்டரின் திசையும் ஒத்துப்போனால் இறுக்கமான ஒன்றிரண்டை மட்டும் வெட்டிவிட்டு, இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சிலிண்டர் குறைவாக இருந்து உறுத்தலும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் நூல் அறுந்து முனை வெளியே வந்து, மண் விழுந்த மாதிரி உறுத்தினால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் அன்றைக்கே போய் எடுத்துவிடுங்கள். கிருமி ஏறும் வழி அது.

பெரியவருக்கு அப்படித்தான் செய்தார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, உட்கார்ந்த நிலையிலேயே ஊசி முனையால் நடுவில் இரண்டு தையலை அறுத்து எடுத்தார் டாக்டர். இரண்டு நிமிஷ வேலை. "பிரிச்சுத் தைக்கிறது எங்க தொழில்ல தினம் நடக்கிறதுதான்" என்று அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்தில் நாலு டயாப்டர் 2.25-க்கு இறங்கியது. இன்னொன்றை எடுத்த பிறகு 1.25. அதற்கு மேல் தொட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதுவரை நான் கண்ணாடி எழுதவில்லை. தையல் எடுப்பதற்கு முன்னால் வாங்கும் கண்ணாடி வீண் செலவு. ஃபேக்கோவுக்கு ஒரு மாதம், எஸ்ஐசிஎஸ்ஸுக்கு ஆறு வாரம், தையல் போட்டதற்குக் கடைசித் தையல் எடுத்த பிறகு சில வாரம் பொறுத்திருங்கள்.

இடது கண்ணுக்கு நாள் குறித்தபோது டாக்டரிடம் அவரே கேட்டார். "கீறல் காதுப் பக்கமா போடலாமா டாக்டர்? இந்தக் கண்ணுக்கு அதுதான் தோதுன்னு தம்பி கணக்குப் போட்டுக் காட்டுச்சு." டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஆகட்டும் என்றார். காதுப் பக்கம் எஸ்ஐசிஎஸ், சுமார் 6 மில்லிமீட்டர், தையல் இல்லை.

ஆறாவது வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணில் மைனஸ் 0.50, ஆக்சிஸ் 85. அந்த அரையைப் போடாமலே கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார். கிட்டப்பார்வைக்குப் பிளஸ் 2.50 வைத்துக் கொடுத்ததும், சட்டைக் காலரில் குத்தியிருந்த ஊசியை உருவினார். பையிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து முறுக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மூன்றாவது தடவையில் நூல் ஏறியது.